பொறியியல் முதலாண்டு: டெல்டா கல்லூரிகளில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சைக்கும் நாகைக்கும் இடையே உள்ள கல்லூரிகளில் பதினாறு ஆண்டுகளாக முதலாண்டு மாணவர்களுக்குக் கணிதம் நடத்துகிறேன். பெற்றோர் கூட்டம், ஆசிரியர் அறை, கல்லூரிப் பஸ், கல்யாணப் பந்தி என்று எங்கே உட்கார்ந்தாலும் அதே பத்துப் பதினைந்து கேள்விகள்தான் வருகின்றன. கேட்டவர்களின் சொற்களிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். விதிகள் என்று நான் சொல்பவை அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறைப்படி இணைப்புக் கல்லூரிகளுக்கு உரியவை. தன்னாட்சிக் கல்லூரிகளில் சிறு மாற்றங்கள் இருக்கும்.

1. பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கில் 94 எடுத்த பையன், இங்கே முதல் தேர்வில் 50க்கு 11 எடுத்திருக்கிறான். படிக்கவே இல்லையா?

பெரும்பாலும் படித்திருப்பான். பள்ளியில் எப்படிப் படிக்கப் பழக்கினார்களோ அப்படியே படித்திருப்பான், சிக்கல் அங்கேதான். பள்ளியில் ஒரு பாடத்துக்கு ஓராண்டு. பாடம் முடிந்த பிறகு திருப்புதல் தேர்வு ஒன்று, இரண்டு, மூன்று. புத்தகத்தின் பின்பக்கக் கணக்குகளைக் கை தானாகவே எழுதும் அளவுக்குப் பயிற்சி. இங்கே ஐந்து அலகுகள், ஏறக்குறைய பதினைந்து வாரம். ஓர் அலகுக்கு மூன்று வாரம்கூட முழுதாகக் கிடைக்காது. திருப்புதல் என்ற பேச்சே கிடையாது.

அந்த 11, ஆறேழு வாரம் கழித்துத்தான் அவன் கைக்கு வருகிறது. அதுவரை தான் சரியாகத்தான் போகிறோம் என்று அவன் நம்பிக்கொண்டிருந்தான். அதனால் முதல் உள்தேர்வுக்குக் காத்திருக்காமல் இரண்டாம் வாரத்திலிருந்தே வாரம் ஒரு பத்து நிமிடத் தேர்வு வைக்கிறேன். இரண்டே கணக்கு. மதிப்பெண் எங்கும் பதிவாகாது. திருத்தி மறுநாளே கையில் கொடுத்துவிட வேண்டும். பத்து நாள் கழித்துக் கொடுத்தால் அந்தத் தாளால் யாருக்கும் பயனில்லை.

2. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு ஆங்கிலம்தானே பிரச்சினை? கூடுதலாக ஆங்கில வகுப்பு வைத்தால் போதாதா?

வையுங்கள், நல்லதுதான். ஆனால் முடிச்சு வேறு இடத்தில் இருக்கிறது. திருத்துறைப்பூண்டிப் பக்கத்து அரசுப் பள்ளியிலிருந்து வந்த ஒரு மாணவி, ஓர் அணியின் 'ரேங்க்' கண்டுபிடிக்கச் சொன்ன கேள்விக்கு நேராக வெள்ளையாக விட்டிருந்தாள். அழைத்துக் கேட்டேன். "ரேங்க் என்றால் வகுப்பில் முதல் ரேங்க், இரண்டாம் ரேங்க், அதுதானே ஐயா?" என்றாள். "அணியின் தரம்" என்றேன். முகம் மாறியது. நின்றபடியே ஏறுபடி வடிவத்துக்குக் கொண்டுவந்து நான்கு வரியில் விடையை எழுதிவிட்டாள். பன்னிரண்டாம் வகுப்பின் முதல் அத்தியாயத்தில் அவள் போட்டுத் தேய்த்த கணக்கு அது.

அன்றிலிருந்து கரும்பலகையின் இடது ஓரம் சொற்களுக்கு என்று ஒதுக்கியிருக்கிறேன். வகைக்கெழு – டெரிவேட்டிவ். தொகையீடு – இன்டக்ரல். நேர்மாறு – இன்வர்ஸ். இயற்பியல் நண்பர் அவர் பங்குக்கு முடுக்கம், உந்தம், நிலைமம், தகைவு, திரிபு என்று எழுதுகிறார். ஒரு பாடத்துக்கு நாற்பது ஐம்பது சொற்கள்தான். இன்னொரு வகைச் சொற்களை யாரும் கண்டுகொள்வதில்லை: 'சச் தட்', 'ரெஸ்பெக்டிவ்லி', 'நெக்லெக்ட்', 'ஹென்ஸ்'. கணக்கின் கழுத்து இவற்றில்தான் இருக்கிறது. ஆங்கில ஆசிரியர் இவற்றைக் கற்றுக்கொடுக்கப் போவதில்லை, நாம்தான் செய்ய வேண்டும்.

3. அப்படியானால் பாடத்தையே தமிழில் நடத்திவிடலாமே?

டெல்டாவில் பாதி வகுப்புகள் அப்படித்தான் நடக்கின்றன, வெளியே சொல்லிக்கொள்வதில்லை. அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் கட்டடவியலையும் இயந்திரவியலையும் தமிழ் வழியில் தொடங்கியது. மற்றப் பிரிவுகளில் தேர்வு ஆங்கிலத்தில்தான். மூன்று மாதம் தமிழில் மட்டும் கேட்டுவிட்டு மூன்று மணி நேரம் ஆங்கிலத்தில் தனியாக எழுது என்றால் அதுவும் ஒரு கொடுமை. நான் விளக்குவது தமிழில், எழுதுவது ஆங்கிலத்தில். கடைசி ஐந்து நிமிடம், அன்று கற்றதை இரண்டு ஆங்கில வாக்கியத்தில் அவர்களே எழுதுகிறார்கள். இலக்கணப் பிழையை நான் தொடுவதில்லை.

4. முதல் மூன்று வாரம் அறிமுகப் பயிற்சி என்று யோகாவும் பேச்சும் நடக்கின்றன. பாடம் நடத்தும் நாட்கள் வீண்தானே?

மூன்று வார அறிமுகப் பயிற்சியை அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு தனது 2018 மாதிரிப் பாடத்திட்டத்திலேயே சேர்த்தது. யோசனையில் தவறில்லை. நாம் அதைச் சிறப்பு விருந்தினர் உரைகளால் நிரப்பிவிடுகிறோம். புழுக்கமான அரங்கில் முந்நூறு பேரை உட்காரவைத்து 'விடாமுயற்சி' பற்றிப் பேசினால், விடாமுயற்சி வேண்டியிருப்பது கேட்பவர்களுக்குத்தான்.

அதே நாட்களில் உருப்படியான வேலை நிறைய இருக்கிறது. அறிவியல் கால்குலேட்டரைக் கையில் கொடுத்துப் பழக்குங்கள். பள்ளியில் மடக்கை அட்டவணையோடு வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். கால்குலேட்டர் ரேடியனில் இருக்கும்போது சைன் 30 என்று தட்டினால் அரைக்குப் பதில் மைனஸ் 0.988 வரும். அது ஏன் தவறு என்று ஒரு பையனுக்குத் தோன்றுகிறதா என்று பாருங்கள். பின்னம், மடக்கை, சாய்வு, அலகு மாற்றம் ஆகியவற்றில் இருபது எளிய கேள்விகள் கொடுத்து யாருக்கு எது தெரியவில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள்.

5. பிரிட்ஜ் கோர்ஸ் (பள்ளிப் பாடத்தில் விட்டுப்போனதை நிரப்பும் வகுப்பு) நடத்தினோம். ஒரு பயனும் தெரியவில்லையே, ஏன்?

பதினொன்று, பன்னிரண்டு இரண்டையும் பத்து நாளில் ஓட்டியிருப்பீர்கள். நாற்றங்காலுக்கும் நடவுக்கும் கதிருக்கும் வேண்டிய தண்ணீரை ஒரே நாளில் வயலில் விட்ட கதை. பகுதிப் பின்னம் தேவைப்படுவது பத்தாவது வாரம் என்றால், அதற்கு முதல்நாள் இருபது நிமிடம் பகுதிப் பின்னம் நடத்துங்கள். நான்காம் கேள்வியில் சொன்ன அந்தக் குறிப்பு, யாருக்கு எதை எப்போது கொடுக்க வேண்டும் என்று காட்டிவிடும்.

6. 'நம் ஊர் வாழ்க்கையோடு இணைத்து நடத்துங்கள்' என்கிறார்கள். கணக்கை எப்படி இணைப்பது?

மேட்டூர் அணையை விடச் சிறந்த வகையீட்டுப் பாடம் நமக்குக் கிடைக்காது. ஜூன் 12இல் திறப்பார்களா மாட்டார்களா என்பது இந்தப் பிள்ளைகளின் வீட்டில் சோற்றுப் பேச்சு. நாளிதழில் தினமும் மூன்று எண்கள் வரும்: நீர்மட்டம், வரத்து, திறப்பு. வரத்து வினாடிக்கு 6,000 கன அடி, திறப்பு 16,000 கன அடி என்று வைத்துக்கொள்வோம். இருப்பு வினாடிக்கு 10,000 கன அடி வீதம் குறைகிறது. ஒரு நாளுக்கு 86,400 வினாடி. பெருக்கினால் 86.4 கோடி கன அடி, அதாவது 0.864 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி). வரத்திலிருந்து திறப்பைக் கழித்தால் கிடைப்பதுதான் இருப்பின் வகைக்கெழு. ஒரு மாத எண்களை வரைபடத்தாளில் குறித்து, கோட்டுக்கடியில் உள்ள பரப்பைக் கட்டம் கட்டமாக எண்ணச் சொன்னால் அதுதான் தொகையீடு.

அதோடு நிறுத்தாமல் ஒரு கேள்வி கேட்பேன். அணையின் முழு மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. அப்படியானால் 60 அடியில் பாதித் தண்ணீர் இருக்குமா? ஒரு வினாடி அமைதி. மன்னார்குடிப் பக்கத்துப் பையன் ஒருவன், "இருக்காது சார். எங்கள் ஊர்க் குளம் வற்ற வற்ற வேகமாக இறங்கும். அடியில் இடம் குறுகல்" என்றான். உயரத்தைப் பொறுத்துக் கொள்ளளவின் வகைக்கெழு நீர்ப்பரப்பு என்பதைக் குளத்தங்கரையிலேயே கற்றுக்கொண்டு வந்திருக்கிறான். நான் செய்ததெல்லாம் அதற்குரிய குறியீட்டை எழுதியது மட்டும்.

பொறியியல் வரைபடப் பாடத்துக்கு ஒரு வாழைத்தண்டும் கத்தியும் போதும். நேராக வெட்டினால் வட்டம், சாய்த்து வெட்டினால் நீள்வட்டம். கரும்பலகையில் முக்கால் மணி நேரம் விளக்கியும் ஏறாதது அரை நிமிடத்தில் ஏறிவிடும். ஆனால் ஓர் எச்சரிக்கை: உள்ளூர்ப் பெயரைத் தூவினால் மட்டும் எடுத்துக்காட்டு ஆகிவிடாது. 'ராமு' என்பதை 'காவிரி' என்று மாற்றிய கணக்கை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

7. அறுபது பேர் வகுப்பில் 'புரிந்ததா?' என்றால் எல்லாரும் தலையாட்டுகிறார்கள். தேர்வில் பார்த்தால் ஒன்றுமில்லை. என்ன செய்வது?

'புரிந்ததா?' என்பதைக் கேட்காமல் விட்டுவிடுங்கள். தஞ்சாவூர் பொம்மையிடம் கேட்டாலும் அதே விடைதான் கிடைக்கும். ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1990களில் பரப்பிய முறை நமக்கும் நன்றாகப் பொருந்துகிறது. நான்கு விடைகளோடு ஒரு கேள்வி. முதலில் ஒவ்வொருவரும் தனியாக ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு, வேறு விடை எடுத்த பக்கத்து நண்பரோடு இரண்டு நிமிடம் வாதாட வேண்டும். மறுபடியும் விடை. அவர் வகுப்பில் மின்னணுக் கருவிகள், என் வகுப்பில் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் அ, ஆ, இ, ஈ. எல்லாரும் ஒரே நேரத்தில் தூக்கிக் காட்டும்போது முன்பெஞ்சு மூன்று பேரின் குரல் மட்டும் வகுப்பின் குரலாகிவிடுவதில்லை.

2014இல் ஸ்காட் ஃப்ரீமனும் மற்றவர்களும் 225 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். விரிவுரை மட்டும் கேட்ட வகுப்புகளில் தோல்வி விகிதம் சராசரியாக 33.8 சதவீதம், மாணவர்களை இப்படி ஈடுபடுத்திய வகுப்புகளில் 21.8 சதவீதம். அந்த எண் அப்படியே நம் ஊரில் வரும் என்று நான் சொல்ல மாட்டேன். திசை அதுதான்.

8. இதையெல்லாம் செய்தால் பாடத்திட்டத்தை யார் முடிப்பது?

ஒரே மாதிரியான கணக்கை ஐந்து முறை போட்டுக் காட்டுகிறோம். இரண்டு போதும், மூன்றாவதை அவர்கள் போடட்டும். இரண்டு மதிப்பெண் விடைகளைச் சொல்லச் சொல்ல எழுதவைக்கும் நேரத்தையும் மிச்சப்படுத்துங்கள், அச்சிட்டே கொடுத்துவிடலாம். இதுவரை நாம் 'முடித்த' பாடத்திட்டங்களின் கதியை அரியர் (தேறாமல் நிலுவையில் நிற்கும் பாடம்) பட்டியலில் பார்த்துக்கொள்ளலாம்.

9. குழுவாகப் படிக்கச் சொன்னால் அரட்டைதானே அடிப்பார்கள்?

கொஞ்சம் அடிப்பார்கள். 1970களில் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் யூரி ட்ரைஸ்மன் என்ற கணிதவியலர், கறுப்பின மாணவர்கள் கால்குலஸில் ஏன் தோற்கிறார்கள் என்று தேடினார். ஆர்வமில்லை, வீட்டில் ஆதரவில்லை என்று சக ஆசிரியர்கள் சொன்ன காரணங்கள் எதுவும் நிற்கவில்லை. அந்த மாணவர்கள் கடுமையாக உழைத்தார்கள், ஆனால் தன்னந்தனியாக. நன்றாகத் தேறிய சீன வம்சாவளி மாணவர்களோ சேர்ந்து உட்கார்ந்து ஒருவர் விடையை மற்றவர் சரிபார்த்துக்கொண்டார்கள். கடினமான கணக்குகளோடு சேர்ந்து படிக்கும் பயிலரங்குகளை அவர் தொடங்கினார், நிலைமை மாறியது. முதல் கேள்வியில் சொன்ன 94 எடுத்த பையனும் உழைக்கத்தான் செய்கிறான், கதவைச் சாத்திக்கொண்டு.

நான்கு பேர், ஒரே தாள், ஒரே பேனா. தாள் நான்காகிவிட்டால் நான்கு தனி மாணவர்கள் ஆகிவிடுவார்கள். மூன்று பையன்களுக்கு நடுவே ஒரு மாணவியைத் தனியாகப் போடாதீர்கள், அவள் எழுத்தர் ஆகிவிடுவாள். விடுதிக் காப்பாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: படிப்பு நேரத்தில் பேசினால் அபராதம் என்ற விதிக்கு விலக்காக, பேசலாம் என்ற ஓர் அறையைத் திறந்து வையுங்கள்.

10. என் மகள் வேதாரண்யம் பக்கத்திலிருந்து போய்வருகிறாள். தினமும் பஸ்ஸிலேயே மூன்று நான்கு மணி நேரம் போய்விடுகிறது. அவளுக்குக் கல்லூரி என்ன செய்ய முடியும்?

முதலில், உதவி எதுவானாலும் கால அட்டவணைக்குள் வர வேண்டும். மாலை நாலரைக்கு மேல் வைக்கும் சிறப்பு வகுப்பு விடுதி மாணவர்களுக்கு மட்டும்தான். பஸ் கிளம்பிய பிறகு நடக்கும் எதுவும் உங்கள் மகளுக்குக் கிடையாது. பெற்றோர் கூட்டத்தில் இதை வெளிப்படையாகக் கேளுங்கள்.

இரண்டாவது, ஒன்பதாம் கேள்வியின் குழுவை ஒரே பஸ்ஸில் வருபவர்களாக அமையுங்கள். எங்கள் கல்லூரியில் ஒரு தடத்தில் சீனியர் மாணவி ஒருத்தி காலையில் ஒரு கணக்கை வாய்மொழியாகப் போடுவாள், மாலை திரும்பும்போது விடை. ஓட்டுநர்கூட விடை தெரிந்துகொள்ள ஆசைப்பட்டார்.

11. மழைக்காலத்தில் பாதி வகுப்பு வருவதில்லை. வருகைப்பதிவு 75 சதவீதம் என்கிறார்களே?

விதி 75தான். 65க்கும் 75க்கும் இடையே இருந்தால், மருத்துவக் காரணம், முன்னனுமதி பெற்ற விளையாட்டுப் போட்டி போன்றவற்றுக்கு விலக்குக் கிடைக்கும். நடவும் அறுவடையும் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் முதல் செமஸ்டரில்தான் குறுவை அறுவடை, தாளடி நடவு, வடகிழக்குப் பருவமழை எல்லாம் வரிசையாக வருகின்றன. 2018 நவம்பர் 16இல் கஜா புயல் கரையைக் கடந்த பிறகு வேதாரண்யம், பட்டுக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளைகள் பல நாள் மின்சாரம் இல்லாத வீடுகளிலிருந்து வந்தார்கள். சிலரிடம் நோட்டே இல்லை, நனைந்து கூழாகியிருந்தது.

புயலைத் தடுக்க முடியாது, அட்டவணையை மாற்ற முடியும். கனமான அலகுகளைத் தீபாவளிக்கு முன் வைத்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஒரு வாரத்தைக் காலியாக வையுங்கள், அது எப்படியும் நிரம்பிவிடும். இரண்டு நாள் வராத பையனிடம் 'ஏன் வரவில்லை?' என்று அதட்டுவதற்கு முன் 'வயலில் வேலையா?' என்று கேட்டுப் பாருங்கள், பதில் உண்மையாக வரும்.

12. பணமில்லாமல் நிறுத்திவிடலாம் என்று நினைக்கிறோம். என்னென்ன உதவி இருக்கிறது?

நிறுத்தாதீர்கள், முதலில் பட்டியலைப் பாருங்கள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் 2021 முதல் சேர்ந்தவர்களுக்குக் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குத் தனிச் சலுகை உண்டு. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும் (2022), மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் (2024) மாதம் 1,000 ரூபாய். பட்டியலின, பழங்குடி மாணவர்களுக்கு ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் மத்திய அரசின் கல்வி உதவித்தொகை. பாதிப் பேருக்குப் பணம் நிற்பது தகுதிக் குறைவால் அல்ல, ஆதார் இணைக்காத வங்கிக் கணக்கால்.

ஆசிரியர்களுக்கு: கட்டணத்தில் சேராத செலவுதான் பிள்ளைகளைக் குனியவைக்கிறது. டிராஃப்டர் (வரைபடம் போடும் கருவி), ஆய்வக மேலங்கி, பணிமனைக் காலணி, ரெக்கார்டு நோட்டு. முதலாண்டு முடித்தவர்களிடமிருந்து டிராஃப்டர்களை வாங்கித் துறையிலேயே வைத்து, கேட்காமலேயே கொடுங்கள். கேட்டு வாங்கும் நிலையில் பலர் கேட்க மாட்டார்கள்.

13. மென்டர் (மாணவர்களுக்கு வழிகாட்டும் ஆசிரியர்) என்று ஒருவரைப் போட்டிருக்கிறார்கள். கையெழுத்துப் போடுவதைத் தவிர அவர் என்ன செய்ய வேண்டும்?

எனக்குக் கீழே இருபது பேர் இருந்த ஓர் ஆண்டு. அமைதியான பையன் ஒருவன், கேட்டதற்கெல்லாம் "நன்றாகப் போகிறது சார்." மூன்று முறை அவன் ஏட்டில் 'திருப்தி' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். நான்காம் முறை அழைத்தபோது அவன் ஊருக்குப் போய் இருபது நாளாகியிருந்தது. அப்பா வந்து சான்றிதழ்களை வாங்கிப் போனார். அந்த ஏடு இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. மூன்று கையெழுத்தும் என்னுடையவை.

அதன்பிறகு 'எப்படிப் படிக்கிறாய்?' என்று நான் கேட்பதில்லை. 'நேற்று மதியம் யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டாய்?' என்று கேட்கிறேன். நான்காம் வாரத்திலும் அதற்குப் பெயர் சொல்ல முடியாதவரை அந்த வாரமே மறுபடி பார்க்கிறேன். மனம் உடைந்து பேசினால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணைக் கொடுத்து, பக்கத்தில் இருந்தே பேசவைக்க வேண்டும். ராகிங் என்று சந்தேகம் வந்தால் 1800-180-5522. 1997இலிருந்தே தமிழ்நாட்டில் அதற்குத் தனிச் சட்டம் இருக்கிறது, 'விளையாட்டுக்குத்தான்' என்று மூடி மறைக்க நமக்கு உரிமையில்லை.

14. முதல் செமஸ்டரிலேயே கணக்கில் அரியர். எழுதி எழுதிப் பார்க்கிறேன், தேறவில்லை. என்ன செய்ய?

எழுத்துத் தேர்வுப் பாடங்களில் உள்மதிப்பீடு 40, பல்கலைக்கழகத் தேர்வு 60. மொத்தம் 50 சதவீதம் வேண்டும், பல்கலைக்கழகத் தேர்வில் மட்டும் தனியாக 45 சதவீதம் வேண்டும். ஐந்து அலகையும் மறுபடி புரட்டாதே. பழைய விடைகளை நினைவிலிருந்து எழுதிப் பார்த்து, எந்த இரண்டு அலகு கை கொடுக்கிறது என்று கண்டுபிடித்து அங்கிருந்து தொடங்கு. தனியாக உட்காராதே, ஒன்பதாம் பதிலைப் படி.

இதில் கல்லூரியின் பங்கும் இருக்கிறது. முதலாண்டுப் பாடங்கள் ஒரு துறையின் பொறுப்பு, இரண்டாம் ஆண்டு வந்ததும் மாணவன் வேறு துறைக்குப் போய்விடுகிறான். அவனுடைய கணக்கு அரியருக்கு இரண்டு துறையிலும் ஆளில்லை. மூன்றாம் செமஸ்டர் அட்டவணையில் வாரம் ஒரு மணி நேரத்தை அந்தப் பழைய கணக்கு ஆசிரியருக்குக் கொடுத்தாலே பாதி தீரும்.

15. ஆசிரியர்களும் மாணவப் பிரதிநிதிகளும் கூடும் வகுப்புக் குழுவில் 'பாடம் புரியவில்லை' என்று சொன்னால் உள்மதிப்பீட்டில் கை வைத்துவிடுவார்களா?

இந்தப் பயத்துக்கு அடிப்படையே இல்லை என்று சொன்னால் பொய். அதனால்தான், அந்த வகுப்புக்குப் பாடம் நடத்தாத ஒருவர்தான் குழுவின் தலைவராக இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. கூட்டத்துக்கு முன்பே வகுப்பில் பெயரில்லாத துண்டுச் சீட்டுகளை வாங்கி, மாணவப் பிரதிநிதி தலைவரிடம் மொத்தமாகக் கொடுத்துவிடலாம். ஆளைச் சொல்லாமல் பொருளைச் சொல்லுங்கள்: 'மூன்றாம் அலகு நான்கு நாளில் முடிந்தது', 'தாள் திருத்தி வரவில்லை'. எனக்கு வந்த சீட்டு ஒன்றில் 'எழுத்து சிறியது, கடைசி வரிசைக்குத் தெரியவில்லை' என்று இருந்தது. பதினொரு ஆண்டுகளாக அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

16. இவ்வளவு கைபிடித்துக் கூட்டிப் போனால், தன் காலில் நிற்க எப்போது கற்றுக்கொள்வார்கள்?

நியாயமான சந்தேகம். எடுத்துவிட வேண்டிய நாளையும் சேர்த்தே திட்டமிட வேண்டும். இரண்டாம் பதிலில் சொன்ன கரும்பலகையின் இடது ஓரத்தில் செப்டம்பரில் நான் எழுதுகிறேன். நவம்பரில் முறைவைத்து மாணவர்கள் எழுதுகிறார்கள். தை அறுவடை முடிந்து இரண்டாம் செமஸ்டர் தொடங்கியதும் அந்த ஓரத்தைக் காலியாக விட்டுவிடுகிறேன். ஒரு சொல்லுக்குத் தமிழ் கேட்டு யாராவது எழுந்தால் சாக்பீஸை நீட்டுவேன், கண்டுபிடித்து வந்து அவரே எழுத வேண்டும். சென்ற பிப்ரவரியில் மூன்று பேர் கேட்டார்கள்.